சோளகக் காலத்தில் நெடுந்தீவு

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில், குடாநாட்டைச் சூழ்ந்து கிடக்கும் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டி மகிழ்ந்தனர். காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. இப்பெயர்களை இன்று வரலாறு படிக்கும் மாணவரன்றி வேறெவரும் அறியார். நெடுந்தீவு ஒன்றே டெல்ப்ட் என்னும் பெயரை இன்னும் விடாது வைத்திருக்கின்றது. எதனையும் சற்றுத் தாமதித்தே கைவிடுவது அத்தீவின் இயல்பு போலும். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் காரைநகருக்கும் வீதியாற் செல்லலாம். நெடுந்தீவுக்கோ இன்றும் படகே கதி.

சென்ற ஆவணி விடுமுறையில் நாமும் எம் மனைவியாரும் அங்கு நான்கு நாட்கள் தங்கி வந்தோம். எம் தமக்கையாரின் மகள் மருத்துவப் பட்டம் பெற்று, பயிற்சியும் முடித்து, ஓராண்டுக்கு மேலாக அத்தீவின் அரசினர் வைத்தியசாலையிற் கடமையாற்றுகின்றாள். "எனக்கு லீவு கிடைக்காது மாமா; நீங்கள் இரண்டு பேரும் வாங்கோ. கடலும் குதிரையும் பாக்கலாம்" என்று தைப்பொங்கல் தொடக்கம் அழைத்த வண்ணமிருந்தாள். நாம் புறப்படுவதை அறிந்த தமக்கையார் பருத்தித்துறை வடையும் எள்ளுப்பாகும் மாங்காய் ஊறுகாயும் கட்டித் தந்தார். அவற்றோடு இடமாற்ற விண்ணப்பப் படிவம் ஒன்றையும் எமது கைப்பையினுள்ளே வைத்தார்.

"தம்பி, நீ படிப்பிக்கிற ஆள், நீ சொன்னால் பிள்ளை கேட்பாள். இந்த முறை விண்ணப்பிக்காமல் விட்டால் இன்னும் ஒரு வருஷம். வந்த சம்பந்தத்தை நான் எத்தனை நாளைக்குப் பொறுக்கச் சொல்லுறது?"

சம்பந்தம் ஒரு காரணமேயன்றி முழுக் காரணமன்று. தமக்கையார் அக்கடலை அஞ்சுபவர். 1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆந் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கி வந்த குமுதினி என்னும் படகிலே, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் நடுக்கடலிற் கொலையுண்டனர். கடற்படையினர் மீது குற்றஞ் சாட்டப்பட்டது, தண்டிக்கப்பட்டவர் எவருமிலர். அப்போது தமக்கையார் பள்ளி மாணவி. அன்று தொட்டு அவர் குறிகட்டுவானுக்கு அப்பால் ஓரடியும் வைத்தவரல்லர். நயினை அம்பாளையும் இக்கரையில் நின்றே கும்பிடுவார். அத்தகையவரின் ஒரே மகள் மாதந்தோறும் அக்கடலைக் கடந்து வீடு வந்து போகின்றாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டினால், வீதியின் இருமருங்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பு. அதில் மீனவர் நட்ட தடிகளின் வரிசை. தடி நுனிதோறும் ஒரு நீர்க்காகம். வேலணையையும் புங்குடுதீவையும் ஊடறுத்துச் சென்ற பேருந்து எம்மைக் குறிகட்டுவான் துறையில் இறக்கிற்று. அங்கே நிற்போருள் எவர் எங்கே செல்பவர் என்பதைக் கைப்பொருளைக் கொண்டே கூறிவிடலாம். பூவும் அருச்சனைத் தட்டும் ஏந்தியோர் நயினாதீவுக்குச் செல்வோர். அரிசி மூடை, சீமெந்துப் பை, எரிவாயுச் சிலிண்டர், தளிர் வாடாதபடி ஈரச்சாக்கிற் சுற்றிய மாங்கன்று, இவற்றோடு நிற்போர் நெடுந்தீவார். ஒரு தீவில் வாழ்வதென்றால் என்னவென்பதை அத்துறையிலேயே பாதி கற்றுக்கொள்ளலாம்.

கடற்பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆவணி மாதம் சோளகக் காற்று ஓயாத காலமாகையால் படகு பக்கவாட்டிற் சரிந்து சரிந்து எழுந்தது. எம் மனைவியார் கண்களை மூடி நாகபூஷணி அம்மனைத் துதிக்கலாயினார். அருகில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மூதாட்டியார் அவரை இரக்கத்தோடு நோக்கி, "இது சும்மா ஆடுறது பிள்ளை, ஆனி மாதம் வந்து பாக்கவேணும்" என்று ஆறுதல் கூறினார்!

மாவிலித்துறையில் இறங்கியதும் முதலிற் கண்ணைக் கவர்வன மதில்களே. குடாநாட்டிற் பனையோலையாலும் கிடுகாலும் வேலியடைப்போம். நெடுந்தீவாரோ கடல் தந்த முருகைக் கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வளவுக்கு வளவு எல்லை கட்டியிருக்கின்றனர். காற்று அக்கல் இடுக்குகளினூடே புகுந்து செல்லுமேயன்றி மதிலைத் தள்ளாது. ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் நீளமும் ஆறு கிலோமீற்றர் அகலமுங் கொண்ட அத்தீவு முழுவதும் இம்மதில்கள் சாம்பல் நிறக் கோடுகளாய் ஓடுகின்றன. இடையிடையே பனைகள். வைத்தியசாலைக்கு அண்மையிலே, போர்த்துக்கேயர் கட்டியதாகச் சொல்லப்படும் கோட்டையொன்று, அதுவும் முருகைக் கல்லாலானது, இடிந்து நிற்கின்றது. ஆபிரிக்காவுக்குரிய பெருக்குமரம் ஒன்றும் உண்டு. அராபிய வணிகர் கொணர்ந்தது என்பர். அதன் அடிமரப் பொந்தினுள்ளே நாமிருவரும் நின்றோம். இன்னும் பலர் நிற்க இடமிருந்தது.

தெற்கேயுள்ள புல்வெளியிற் குதிரைகள் திரிகின்றன. நம் மாணவர் பலர் இவற்றைப் படத்தில் மாத்திரமே கண்டிருப்பர். ஐரோப்பியர் காலத்தில் இங்கு கொணர்ந்து வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை இவை. பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்னும் படையதிகாரி இத்தீவில் இருந்து குதிரை வளர்ப்பைக் கவனித்தார். வளர்த்தோர் போய்விட்டனர், லாயங்கள் இடிந்தன, குதிரைகள் தம் விருப்பப்படி வாழப் பழகிவிட்டன. 2015 ஆம் ஆண்டில் அவற்றின் மேய்ச்சல் நிலம் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. மாரியிற் பச்சைக் கம்பளமாய் இருக்கும் அவ்வெளி ஆவணியிற் காய்ந்து செம்மை படர்ந்திருந்தது. நீர் வற்றிய குட்டையொன்றின் ஓரத்தே ஒரு தாய்க்குதிரை சேற்றை முகர்ந்துகொண்டு நின்றது. அழகிய காட்சி என்று நாம் எழுதமாட்டோம். நன்னீர் அங்கு மனிதருக்கும் எளிதன்று. சாராப்பிட்டிக் கிணறுகளின் நீரையும், கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் நீரையும் நம்பியே ஊர் வாழ்கின்றது. எம் மருமகளின் விடுதியில் முகங்கழுவிய நீர் வீணாகாது முருங்கையடிக்குப் பாய்கின்றது.

காலைப் படகில் வரும் உல்லாசப் பயணிகள் கோட்டையையும் பெருக்குமரத்தையும் குதிரைகளையும் வாகனத்திற் சுற்றிப் பார்த்து, படமெடுத்து, பிற்பகற் படகிலே திரும்பிவிடுகின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. தங்குவதற்கு ஆங்கு வசதி குறைவு. ஆயினும் கடைசிப் படகு புறப்பட்ட பின்னரே நெடுந்தீவு தன் முகத்தைக் காட்டுகின்றது என்பதை அவர்கள் அறிய வாய்ப்பில்லை. இயந்திர ஓசை தேய்ந்து மறைந்ததும் ஊரெங்கும் ஒருவித அமைதி படிகின்றது. இனி விடியுமட்டும் இருப்பதைக்கொண்டே சமாளிக்க வேண்டும் என்ற அமைதி அது.

எம் மருமகள் வெயிலிற் கறுத்திருந்தாள், சற்று மெலிந்துமிருந்தாள். இதனைத் தமக்கையார் காணாதது நன்று. அயல்வீட்டார் 'டொக்டர் பிள்ளை'க்கென நாள்தோறும் ஒரு செம்பு பால் அனுப்புகின்றனர். போர்த்துக்கேயர் இதனைப் பசுத்தீவு என அழைத்தமைக்குக் காரணம் அந்தப் பாலின் சுவையில் எமக்குப் புலனாயிற்று. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு அப்பாலைப் பருகுகையில் அவள் தன் தொழிலைப்பற்றிக் கூறியது எமக்குப் புதுமையாக இருந்தது.

"இங்கை வருத்தக்காரர் மணிக்கூட்டைப் பாத்துத்தான் வருத்தம் சொல்லுவினம் மாமா. பின்னேரப் படகு போனாப்பிறகு நெஞ்சு நோ வந்தாலும் கிழவர்மார் வாய் திறக்கமாட்டினம். ஏன் ஊரை எழுப்பித் தொல்லை குடுப்பான் எண்டு விடியுமட்டும் கிடப்பினம். வந்த புதிதிலை எனக்கு இது விளங்கேல்லை."

விளங்கிய பின்னர் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றாள். கடமை இடைவேளையிற் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பிற்பகற் படகு புறப்படுமுன் சில வீடுகளுக்குச் சென்று, "இண்டைக்கு ஏதும் நோ இருக்கோ?" என்று கேட்டு வருகின்றாள். எந்த வீடுகள் என்பதை ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்திருக்கின்றாள். எமக்கு அதைக் காட்டினாள். இன்ன மதிலுக்கு அப்பால் உள்ள வீட்டில் இருக்கும் ஆச்சி, நோ இல்லை என்றுதான் சொல்லுவார், காலைத் தொட்டுப் பார்க்கவும்; இன்னார் மகன் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியிற் பேசிய நாளிலே மருந்தை ஒழுங்காகக் குடிப்பார், மற்ற நாளிற் கேட்க வேண்டும்; இவ்வாறு பக்கம் பக்கமாக. அடுத்து வரும் வைத்தியருக்கென எழுதுவதாகச் சொன்னாள். தமிழாசிரியர் கை சும்மா இராது. பென்சிலை எடுத்து றகர ரகரப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தோம். பிழைகள் பல! ஆனால் இருபதாண்டுகளாக விடைத்தாள் திருத்தி வரும் நாம் இத்தகைய கட்டுரையொன்றைக் கண்டதில்லை. ஒரு வகுப்பின் பிள்ளைகளை அறிந்துகொள்ள ஆசிரியருக்கு ஓராண்டு வேண்டும். அறிந்துகொண்ட வேளையில் இடமாற்றம் வந்துவிடும். கைப்பையிற் கிடந்த படிவம் அப்போது எமக்குக் கனத்தது.

மூன்றாம் நாள் மாலை. கதிரவன் கடலில் இறங்கும் காட்சியைக் கோட்டைச் சுவரருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பையன் சைக்கிளில் விரைந்து வந்து வைத்தியசாலைக்குள் ஓடினான். அவனுடைய பேரனார், கொப்பியிற் பெயர் உள்ளவர்களுள் ஒருவர், மதியமே நெஞ்சு நோ கண்டும், மருமகள் சென்று கேட்டபோது இல்லையென்று சொல்லிவிட்டாராம். இப்பொழுது மூச்சுத் திணறுகின்றது. இருள் சூழ்ந்த பின்னர் அவரை மாவிலித்துறைக்குக் கொண்டு சென்றோம். மருந்து நீர்ப்போத்தலை உயர்த்திப் பிடித்தவாறு மருமகள். மின்சூளை ஏந்தியவாறு நாம். கிழவரின் மனைவியார் கையைப் பற்றியவாறு எம் மனைவியார். காற்று உடுத்திய துணியைப் பறித்தது. துறையில் வந்து நின்றது கடற்படையினரின் படகு. இக்காலத்தில் இரவில் நோயாளரை அக்கரை சேர்ப்பவர் பெரும்பாலும் அவர்களே. தமிழ் சரிவரத் தெரியாத இளைஞனொருவன் கிழவரைக் குழந்தையைப்போல் இரு கைகளாலும் ஏந்தி உள்ளே கிடத்தினான். கிழவரின் மனைவியார் ஒரு கணம் தயங்கினார். அவரது வயதினர் எதை நினைத்துத் தயங்குவர் என்று எமக்குத் தெரியும். பின்னர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். அவர் பின்னே மருமகளும் ஏறினாள்.

"அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ மாமா!" என்ற குரல் மட்டும் காற்றில் வந்தது.

அவ்விரவு நாம் உறங்கினோமல்லோம். மறுநாட் காலைப் படகில் அவள் திரும்பி வந்தாள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிற் கிழவரைச் சேர்த்ததாகவும், அவர் கண் விழித்து முதலில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயிற்றா என்று கேட்டதாகவும் சொல்லிவிட்டு, முகங்கழுவி, கடமைக்குச் சென்றுவிட்டாள்.

அன்று பிற்பகல் நாம் புறப்படவேண்டியவர்கள். உணவு வேளையில் அவளாகவே கேட்டாள்: "அம்மா தந்துவிட்டதை ஏன் மாமா இன்னும் தரேல்லை?" தாயின் போக்கைப் பிள்ளை அறியாளா? படிவத்தை எடுத்துக் கொடுத்தோம். ஒரு முறை முழுவதும் வாசித்தாள். சம்பந்தக்காரரைப்பற்றி வினவினாள்; நாம் அறிந்தவற்றைச் சொன்னோம். நல்ல குடும்பம், பையன் பொறியியலாளன். சிறிது நேரம் பேசாதிருந்தாள். "அவர் ஒருக்கால் இங்கை வந்து பாக்கட்டும். வந்து, கடைசிப் படகு போனாப்பிறகும் இருக்கட்டும்" என்றாள். விளையாட்டாகச் சொல்கின்றாளோ என முகத்தைப் பார்த்தோம், இல்லை. நாம் புத்திமதி ஒன்றும் கூறவில்லை. எம் மனைவியார் மாத்திரம், "நேரத்துக்குச் சாப்பிடு பிள்ளை" என்றார்.

துறைவரை வந்து வழியனுப்பினாள். ஒரு போத்தல் நெய்யையும் மடித்த தாளொன்றையும் எம் கையிற் கொடுத்து, "இதை அம்மாட்டைக் குடுங்கோ. சித்திரையிலை கடல் குளம் மாதிரிக் கிடக்கும், அப்ப கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். பின்னர், படகில் ஏறுவதற்கு நின்ற முதியவர் ஒருவரின் தோளைத் தொட்டு எதையோ கேட்கத் தொடங்கிவிட்டாள்.

படகு நகர்ந்ததும் தாளைப் பிரித்துப் பார்த்தோம். தமக்கையார் தந்த அதே படிவம், நிரப்பப்படவில்லை. அதன் பின்புறத்தே, சித்திரையில் வரும்போது தாயார் கொண்டுவர வேண்டியவை நிரலாக எழுதப்பட்டிருந்தன: அரைத்த மிளகாய்த்தூள், எலுமிச்சங்காய், புழுக்கொடியல், ஒட்டுமாங்கன்று இரண்டு, அப்பியாசக் கொப்பி ஆறு.