கிளிப் இல்லாத கொடி

என் மகன் பள்ளி வினாடி வினாவுக்காக உருப்போட்டுக்கொண்டிருந்த பொது அறிவுப் புத்தகத்தில், தொலைபேசிக்கும் தையல் இயந்திரத்துக்கும் நடுவே அந்தக் கேள்வி இருந்தது. துணி கிளிப்பைக் கண்டுபிடித்தவர் யார்? விடை: ஜெரெமி விக்டர் ஓப்டெபெக், பிரான்ஸ், 1809.

படித்ததும் எரிச்சலாக வந்தது. தொலைபேசிக்கு ஒரு ஆள், ஒரு வருஷம் என்றால் சரி. கிளிப்புக்குமா? அப்படியானால் 1808 வரை உலகத்தில் காயப்போட்ட துணியெல்லாம் பக்கத்து வீட்டுக் கூரையிலா கிடந்தது?

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் ஆச்சி வீட்டில் கிளிப் என்ற ஒன்றை நான் பார்த்ததே இல்லை. கொல்லையில் தேங்காய்நார்க் கயிறு ஒன்று கட்டியிருக்கும். ஆச்சி அதன் முறுக்கை விரலால் பிரித்து, துணியின் நுனியை உள்ளே செருகிவிட்டுப் போவாள். ஆடிக் காற்றிலும் துணி அசையாது. அதாவது, இப்படித்தான் எனக்கு நினைவு. அக்காவிடம் சொன்னால், “நீ கனாக் கண்டிருப்பே. ஆச்சி வீட்டுல கம்பிக் கொடிதான். துருக்கறை பட்டு என் பட்டுப்பாவாடை வீணாப்போனது எனக்குல்லா தெரியும்” என்கிறாள். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆச்சி இல்லை. கிளிப்பின் கதையைத் தோண்டினால் கயிற்றின் கதையும் கூடவே வந்துவிடும் என்று நம்பி, ஓப்டெபெக்கிடமிருந்து ஆரம்பித்தேன்.

அந்த ஆசாமியைத் தேடித் தேடி அலுத்ததுதான் மிச்சம். பெயர் எங்கும் கிடைக்கிறது, ஆனால் எங்கும் அதே ஒற்றை வாக்கியம்தான். எந்த ஊர், என்ன தொழில், எப்போது பிறந்தார், எப்போது செத்தார், ஒன்றுமே கிடையாது. பிரான்ஸில் காப்புரிமைச் சட்டம் 1791-லேயே வந்துவிட்டது. ஆகவே 1809-இல் ஒருவர் கிளிப்புக்கு உரிமை வாங்கியிருந்தால் ஒரு வரைபடமாவது, ஒரு மனுவாவது இருக்க வேண்டும். பெயரில் ஃபிளெமிஷ் வாடை அடிக்கிறதே, பெல்ஜியத்துக்காரராக இருப்பாரோ என்று அந்தப் பக்கமும் கொஞ்ச நாள் அலைந்தேன். தச்சராக இருப்பார், மனைவி சலவைத்தொழில் செய்திருப்பாள், அவள் படும் பாட்டைப் பார்த்துச் செய்திருப்பார் என்று மனசுக்குள் அவருக்கு ஒரு குடும்பத்தையே கட்டிக்கொடுத்துவிட்டேன்.

கடைசியில் புதுச்சேரியில் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர் ஒருவரிடம் போய் நின்றேன். பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு கையை உயர்த்தி, “ட ட ட டாம்” என்று பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியைப் பாட ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “லா பேன்ஸ் ஆ லேன்ஜ்!” என்று அதே தாளத்தில் அவரே தொடர்ந்தார். பிரெஞ்சில் துணி கிளிப்புக்குப் பெயர் அதுதானாம். நாலு தட்டு, நாலு அசை, கச்சிதமாகப் பொருந்துகிறது.

விஷயம் இதுதான். பியர் தாக், பிரான்சிஸ் பிளான்ஷ் என்று பிரான்ஸில் பேர்போன இரண்டு நகைச்சுவைக்காரர்கள் இருந்தார்கள். பீத்தோவனின் அந்தக் கம்பீரமான இசைக்கு, துணி கிளிப்பின் மகிமையைப் பாடும் ஒரு பாட்டை எழுதினார்கள். ‘லே காத்ர் பார்பூ’, அதாவது நாலு தாடிக்காரர்கள் என்ற பாடகர் குழு முகத்தைக் கொஞ்சமும் சுளிக்காமல் அதைப் பாடிப் புகழ்பெற்றது. பாட்டுக்கு ஒரு நாயகன் வேண்டுமே? அவர்தான் ஜெரெமி விக்டர் ஓப்டெபெக். “அந்த ஆள் பொறக்கவே இல்ல சார், நீங்க போய் பெல்ஜியத்துல தேடினீங்களா?” என்று வாத்தியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கேலிப்பாட்டில் பிறந்தவர் ஏதோ ஒரு கட்டத்தில் தகவல் தொகுப்புகளில் குடியேறி, அங்கிருந்து என் மகனின் வினாடி வினாப் புத்தகம் வரை வந்து சேர்ந்திருக்கிறார்.

நான் தேடிய எதுவும் இவ்வளவு சந்தோஷமாகக் கைநழுவிப் போனதில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ட ட ட டாம்தான்.

பொய் ஆளை விட்டால் மெய்யான ஆள் கிடைக்க அதிக நேரமாகவில்லை. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த டேவிட் எம். ஸ்மித், 1853 அக்டோபரில் வில் வைத்த கிளிப்புக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அதற்கு முன்பு இருந்தது பிளவுபட்ட ஒற்றை மரத்துண்டு. இங்கிலாந்தில் ரோமானி மக்கள் வில்லோ மரக்குச்சியைச் சீவி, பழைய தகர டப்பாவிலிருந்து வெட்டிய பட்டையைக் கழுத்தில் சுற்றி, வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார்கள். அந்தப் பழைய வகை காற்றில் கழன்றுகொள்கிறது, சலவைப் பெண்களுக்கு அது பெரும் தொல்லை என்று ஸ்மித் தம் மனுவில் எழுதியிருக்கிறார். அவர் தனி ஆளில்லை, அந்தக் காலத்தில் ஒரு படையே கிளம்பியிருந்தது. 1852-க்கும் 1887-க்கும் இடையில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் துணி கிளிப்புக்காக மட்டும் 146 உரிமைகள் கொடுத்திருக்கிறது. இன்று நம் மொட்டைமாடியில் இருக்கும் சுருள்கம்பி வகை, 1887-இல் அதே வெர்மான்ட்டின் சோலன் இ. மூர் செய்ததன் வம்சம்.

இத்துடன் கட்டுரை முடிந்திருக்க வேண்டும். மகனிடம் சரியான விடையைச் சொல்லியாயிற்று. (“புக்ல உள்ளதை எழுதினாத்தான்ப்பா மார்க்” என்றான்.) ஆனால் ஸ்மித் சொன்ன அந்தச் சலவைப் பெண்கள் மனசில் நின்றுவிட்டார்கள். காற்று அங்கே மட்டுமா அடிக்கிறது? நம் வண்ணார்கள் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் துணி காயப்போட்டார்களே, அவர்கள் என்ன செய்தார்கள்? கிளிப்பை விட்டேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அது என்னைக் கேரளத்துக்குக் கொண்டுபோனது. ஃபோர்ட் கொச்சியில் வேளி என்ற இடத்தில் ஒரு தோபிகானா, அதாவது சலவைக்கூடம், இருக்கிறது. அதை நடத்துவது வண்ணார் சங்கம். டச்சுக்காரர்கள் காலத்தில், பட்டாளத்து உடுப்பு வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கூட்டிவரப்பட்ட குடும்பங்களின் வாரிசுகள் அவர்கள். வீட்டில் இன்றும் தமிழ்தான். வரிசையாகத் துவைகல்லும் தொட்டியும், பின்னால் கஞ்சி போட்டு இஸ்திரி தேய்க்கும் கொட்டகை, அதற்கும் அப்பால் திறந்தவெளி முழுக்கக் கொடிகள். உள்ளே நுழைந்ததும் நான் பார்த்தது அந்தக் கொடிகளைத்தான். அத்தனையும் இரண்டு இழையை ஒன்றாக முறுக்கிய இரட்டைப் புரி. ஒரு கிளிப்கூட இல்லை.

அங்கே ஒரு பெரியவர் ஓட்டல் படுக்கை விரிப்புகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். “ஐயா, இந்தக் கயிறு முறுக்கி, துணியைச் செருகுற வழக்கம் எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “முதல்ல இதைப் போடு” என்று ஈரச் சட்டை ஒன்றை என் கையில் கொடுத்தார்.

கட்டைவிரலைப் புரிக்குள் நுழைத்துத் திருகினால் ஒரு சின்ன வாய் திறக்கிறது. அதில் சட்டையின் கீழ்விளிம்பை விரல்கணு அளவுக்குத் திணித்துவிட்டு விரலை உருவினால் வாய் மூடிக்கொள்கிறது. நான் போட்டதை அவர் எட்டிப் பார்த்துவிட்டுப் பிடுங்கினார். “உள்பக்கம் திருப்பிப் போடு. வெயில் சாயத்தைத் தின்னுடும்.” திருப்பிப் போட்டேன். “இழு.” இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தபோது கொடி முழுக்கத் தாழ்ந்ததே தவிரச் சட்டை வரவில்லை. பாரம் கூடக்கூடக் கயிறு விறைக்கிறது, விறைக்கிற கயிற்றில் இரண்டு புரியும் ஒன்றையொன்று நெருக்குகிறது, நடுவில் மாட்டிய துணி மேலும் இறுகுகிறது. போதாததற்கு நாரின் சிலும்பல் வேறு துணியைப் பற்றிக்கொள்கிறது. எடுக்கும்போது புரியைச் சற்றே நெகிழ்த்தினால் போதும், துணி தானாகக் கையில் விழுகிறது.

“கிளிப் போட்டா என்ன ஐயா?”

“கம்பி துருப்பிடிச்சா வெள்ளைத் துணியில கறை. அது போகாது. யாரு பதில் சொல்றது? அது கடிச்ச இடத்துல தழும்பு விழும், அதை ரெண்டாந்தரம் தேய்க்கணும். ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி வருது, அத்தனைக்கும் ரெண்டு ரெண்டு கிளிப்பு வாங்குறதா?”

“பிளாஸ்டிக் கிளிப் இருக்கே?”

“எத்தனை நாளைக்கு? வெயில்ல பொடிஞ்சு போகும்.” உண்மைதான். எங்கள் மாடியில் நீலமும் மஞ்சளுமாகச் சில்லுகள் பொறுக்கியே எனக்குப் பழக்கம்.

நான் மறுபடி ஆரம்பத்துக்கு வந்தேன். அதற்குள் என் தலையில் ஒரு அழகான கதை உருவாகிவிட்டிருந்தது. டச்சுக்காரர் கூட்டிவந்த வண்ணார்கள் இந்தக் கயிற்று வித்தையையும் ஆச்சி ஊர்ப்பக்கத்துத் தாமிரபரணிக் கரையிலிருந்து கையோடு கொண்டுவந்திருப்பார்கள், ஆச்சியின் கொல்லைக்கும் கொச்சிக்கும் ஒரே புரி ஓடுகிறது என்று. பெரியவர் தலையாட்டினால் போதும், அக்காவுக்கு அங்கேயே போன் போட்டிருப்பேன்.

அவர் தலையாட்டவில்லை. “கயிறை எதுக்குத் தம்பி அங்கேயிருந்து சுமந்துட்டு வரணும்? இங்கே நார்தானே கெடக்கு?”

“கயிறு இல்லை ஐயா, இந்த முறை.”

“கயிறுன்னாலே முறுக்குத்தானே. முறுக்கு இருந்தா சந்து இருக்கும். சந்து இருந்தா செருகுவான். இதை ஒருத்தன் வந்து சொல்லிக்கொடுக்கணுமா?” அடுத்த விரிப்பை உதறினார். “பம்பாய்க்குப் போயிருக்கியா? அங்கேயும் இதேதான். அவன் எங்க சொந்தக்காரனா?”

அதோடு என் கதை படுத்துவிட்டது. அவர் சொன்னது சரி. 1890-இல் கட்டப்பட்ட மும்பை மகாலட்சுமி தோபிகாட்டிலும் கிளிப் இல்லாமல் முறுக்குக் கயிற்றில்தான் துணி தொங்குகிறது. அங்கே துவைப்பவர்களுக்கும் வேளிக்காரர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இன்னும் ஏதோ கேட்கப் போனவனை “மதி, மதி” (மலையாளத்தில் ‘போதும்’) என்று கைகாட்டி நிறுத்திவிட்டு, அந்த வரிசையில் மிச்சமிருந்த விரிப்புகளையும் என் தலையில் கட்டினார். மாலை வரை காயப்போட்டேன்.

அப்போதுதான் கவனித்தேன். கொடியின்மேல் மடித்துப் போட்டால் துணி இரண்டு அடுக்காகி, உள்பக்கம் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இங்கே இரண்டு முனையை மட்டும் செருகுவதால் துணி ஒற்றை அடுக்காகத் தொங்குகிறது, இரு பக்கமும் காற்று. முதலில் போட்ட விரிப்புகளை, கடைசி விரிப்பைப் போடும் முன்பே எடுக்க முடிந்தது.

தோபிகானாவின் இப்போதைய கட்டடம் கொச்சி வளர்ச்சி ஆணையம் 1976-இல் கட்டிக்கொடுத்தது. அதே 1976-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், நகர மன்றத்துக்கு எதிரே கிளாஸ் ஓல்டன்பர்க் என்ற சிற்பி 45 அடி உயர எஃகு கிளிப் ஒன்றை நிறுத்தினார். அதன் சுருள்கம்பி 76 என்ற எண்போல வளைந்திருக்கும், நாட்டின் இருநூறாம் ஆண்டுக்காக. கிளிப்புக்குச் சிலை எழுப்பிய அதே வருஷம் வேளியில் கிளிப் இல்லாமல் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

கிளிப் நம் வீட்டுக்குள் வந்ததற்கு என் கணக்கு இது. ஐந்தரை மீட்டர் சேலையும் எட்டு முழ வேட்டியும் கொடியின் இரு பக்கமும் சமமாகத் தொங்கினால் தம் பாரத்திலேயே நிற்கும், அவற்றுக்கு எந்தப் பிடியும் வேண்டாம். கைக்குட்டை, காலுறை, ஜாக்கெட், ஜட்டி என்று துண்டுத் துணி பெருகியது. கூடவே நார்க்கயிறு போய் வழுவழுப்பான நைலான் வந்தது. மண்ணில் நின்ற வீடு மூன்றாம் மாடிக்கு ஏறியது, அங்கே காற்றும் அதிகம், விழுந்தால் கீழ்வீட்டுக்காரர் முகமும் வேறு. இத்தனையும் சேர்ந்த பிறகுதான் கிளிப்புக்கு நம்மிடம் வேலை வந்தது. ஆச்சிக்கு அது தேவைப்பட்டிருக்கவே இடமில்லை. அக்கா இதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை, பட்டுப்பாவாடையிலேயே நிற்கிறாள்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: சுண்டுவிரல் பருமனில் தேங்காய்நார்க் கயிறு வாங்குங்கள். கட்ட வேண்டிய தூரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் கூடுதலாக. நடுவில் மடித்து ஒரு கொக்கியில் மாட்டி, இரண்டு இழையையும் சாணுக்கு இரண்டு சுற்று வீதம் முறுக்கி, விறைப்பாக இழுத்து மறுமுனையைக் கட்டுங்கள். புதுக் கயிறு சாயம் விடும். ஆகவே முதலில் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவிட்டு, பழைய துணி ஒன்றைப் போட்டுப் பார்த்த பிறகு வெள்ளைத் துணியைப் போடுங்கள். மெல்லிய பட்டும் லேஸும் வேண்டாம், நார் இழுத்துவிடும். நைலானில் மட்டும் முயல வேண்டாம், வழுக்கும்.