ஒரு தட்டு, இரண்டு மாதம்

போன வருடம் மே மாதம், கடையில் நிற்க இடமில்லாத ஒரு திங்கட்கிழமை. சங்கரன்கோவிலில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு விண்ணப்பம் போட வருகிறவர்கள்தான் சோறு போடுகிறார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, கல்லூரிச் சேர்க்கை, தேர்வுக் கட்டணம் எல்லாம் இன்று திரையில்தான். அன்று ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். மகள் பத்தாவது முடித்தவள், பாலிடெக்னிக்கில் சேர வேண்டும்.

பிறந்த தேதிக் கட்டத்தைத் தொட்டதும் சின்னக் காலண்டர் ஒன்று விரிந்தது. அது மே மாதத்தில் நின்றது. அவளுக்கு வேண்டியது ஜூலை. அம்புக்குறியை இரண்டு தட்டு தட்டி, 28ஐத் தொட்டேன். மேலே எந்த மாதம் வந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. இருபது வருடமாகத் தட்டுகிற கை, அதன் எண்ணிக்கையை நம்பினேன்.

அனுப்புவதற்கு முன் எல்லோருக்கும் ஒரு பிரதி அச்செடுத்துக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். மகள் வாசித்துக்கொண்டே போனாள். “பிறந்த தேதி, இருபத்தெட்டு, ஆகஸ்ட்…” தாய் சட்டென்று நிமிர்ந்தார்.

“ஆகஸ்டா? ஆடித்தபசு முடிஞ்சு ரெண்டாம் நாள் பொறந்த பிள்ளை அண்ணாச்சி இவ. ஆகஸ்ட் இருபத்தெட்டுன்னா ஆவணில்லா பொறந்திருக்கும்?”

அந்தம்மாவுக்குக் கையெழுத்து போடத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் சங்கரநாராயணர் கோயில் திருவிழாவை வைத்துக் கணக்கு வைத்திருக்கிற தாயிடம் எந்தக் காலண்டரும் தப்ப முடியாது. திருத்தினேன். மதிப்பெண் சான்றிதழில் ஒரு மாதம், விண்ணப்பத்தில் ஒரு மாதம் என்று போயிருந்தால் அந்தப் பிள்ளை எத்தனை படி ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அன்று ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மவுஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் காலண்டரையே மறுபடி விரித்து அம்புக்குறியை ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஜூன். ஜூலை. ஆகஸ்ட். அடுத்த தட்டுக்கு அக்டோபர். பத்துத் தட்டில் ஒன்றோ இரண்டோ இரட்டையாக விழுந்தது. ஒரு பத்தியைத் தேர்வு செய்து இழுத்தால் பாதி வழியில் கைநழுவி விழுந்தது. குறை மவுஸிலா, கம்ப்யூட்டரிலா? இதை அறிய ஒரு எளிய வழி இருக்கிறது. விண்டோஸ் செட்டிங்கில் இடது பட்டனின் வேலையை வலது பட்டனுக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றிய பிறகு வலது பட்டனைத் தட்டினால் இரட்டைத் தட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு வரவில்லை. ஆகவே கம்ப்யூட்டர் குற்றமற்றது. குறை இடது பட்டனுக்குள் இருக்கிறது.

அந்தப் பட்டனுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு, சுண்டுவிரல் நகம் அளவு. அதற்குள் வளைந்த மெல்லிய உலோகத் தகடு ஒன்று. அழுத்தும்போது ‘டிக்’ என்று துள்ளிப் போய் எதிர்முனையைத் தொடும். தொடும்போது ஒரே தொடலாகத் தொடாது. தரையில் விழுந்த நாணயம் மாதிரி சில கணம் துள்ளித்தான் அடங்கும். அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் இருக்க மவுஸுக்குள் இருக்கும் சிப் சில மில்லி நொடி காத்திருக்கும். தகடு தேய்ந்து, முனையில் கறை படியும்போது துள்ளல் அந்தக் காத்திருப்பைத் தாண்டி நீள்கிறது. அப்போது ஒரு தட்டு இரண்டாக எண்ணப்படுகிறது. லட்சக்கணக்கில் தட்டு வாங்கிய ஸ்விட்ச் ஒருநாள் இப்படித்தான் ஓயும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது தேய்ந்துவிட்டது என்று நமக்குச் சொல்ல அதற்கு வேறு வாய் இல்லை.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பியிடம் கொண்டு போனேன். “அண்ணாச்சி, உங்ககிட்ட பழைய மவுஸ் ஏதும் கிடக்கா?” என்று கேட்டான். பேட்டரி போன ஒன்று டிராயரில் கிடந்தது. எடுத்துக்கொண்டு வரச் சொன்னான். மவுஸின் அடியில் ஒட்டியிருக்கும் வழுவழுப்பான பட்டையை பிளேடு முனையால் நெம்பி எடுத்தான். திருகாணிகள் அதற்கடியில்தான் ஒளிந்திருக்கின்றன. பழைய மவுஸைத் திறந்து அதன் வலது பட்டன் ஸ்விட்சை ஈயம் உருக்கிக் கழற்றினான். “வலதை யாரும் அவ்வளவா அமுக்க மாட்டாங்க. இது புதுசு மாதிரி இருக்கும்” என்றான். மூன்று கால் கொண்ட அந்தக் குட்டி ஸ்விட்சை என் மவுஸின் இடது பக்கத்தில் நட்டு ஈயம் வைத்தான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. செத்துப்போன ஒன்றின் உழைக்காத பகுதி உழைத்து ஓய்ந்ததன் இடத்தில் போய் உட்கார்ந்ததைப் பார்த்தபோது, இத்தனை நாள் எத்தனை மவுஸ்களைக் குப்பையில் போட்டிருக்கிறேன் என்ற வருத்தம் வந்தது.

பழையதைத் திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அதன் லித்தியம் பேட்டரி தலையணை போல வீங்கியிருந்தது. தம்பி அதைத் தொடாமல் அப்படியே ஒதுக்கி வைத்தான். வீங்கிய பேட்டரியைக் குத்தக் கூடாது, குப்பையோடு எரிக்கக் கூடாது, மின்கழிவு வாங்குகிறவர்களிடம் தனியாகக் கொடுக்க வேண்டும்.

ஒயர் இல்லாத மவுஸுக்கு நான் மாறியதே மேஜையால்தான். 2003இல் கடை திறந்தபோது பந்து உருளும் மவுஸ். வாரம் ஒருமுறை பந்தைக் கழற்றி உள்ளே உருளைகளில் படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டுவேன். பிறகு சிவப்பு ஒளி மவுஸ் வந்தது. அதன் ஒயர், கவுன்ட்டரின் கூர்மையான விளிம்பில் உரசி உரசி, மவுஸின் கழுத்துக்குப் பக்கத்தில் உள்ளே அறுந்துபோகும். வருடத்துக்கு ஒன்று இப்படிப் போனது. மவுஸ் என்ற பெயரே அந்த வால் போன்ற ஒயரால் வந்தது என்பார்கள். 1964இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசித்து, பில் இங்கிலிஷ் என்ற பொறியாளர் செய்து கொடுத்த முதல் மவுஸ் ஒரு மரக்கட்டை. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரம், மேலே ஒரே பட்டன். அதன் ஒயர் முதலில் மணிக்கட்டுப் பக்கமாக வந்தது. கையில் இடிக்கிறது என்று சீக்கிரமே முன்பக்கம் மாற்றினார்கள். முதல் மவுஸைப் பிடித்த கைக்கே வால் இடைஞ்சலாக இருந்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு அவர்கள் மேல் ஒரு சொந்தம் ஏற்பட்டது.

ஒயரை விட்டால் வேறு நோய்கள் வரும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருநாள் கர்சர் நொண்டத் தொடங்கியது. இழுத்தால் நிற்கும், பிறகு நாலு அங்குலம் தாவும். பேட்டரி நிறைய இருந்தது. சில வேளை மட்டும்தான் இப்படி. மூன்று நாள் கவனித்த பிறகு பிடிபட்டது. வாடிக்கையாளர் கொண்டுவந்த பென் டிரைவை, உள்ளே நீல நாக்கு தெரியும் வேகமான வகையை, மவுஸின் ரிசீவருக்குப் பக்கத்துத் துளையில் செருகிக் கோப்பு ஏற்றும்போதெல்லாம் நொண்டுகிறது! இந்த மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகின்றன. யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதிலிருந்து கசியும் இரைச்சல் அதே அலைவரிசைப் பக்கம் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து எழுதியிருக்கிறது. மருந்து மிகச் சின்னது. ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, ரிசீவரை அதன் முனையில் செருகி, மானிட்டருக்கு அடியில் மேஜை மேல் வைத்தேன். அன்றிலிருந்து நொண்டல் இல்லை. ரிசீவரை சிபியூவின் முதுகில், மேஜைக்கடியில், இரும்புப் பெட்டிக்குப் பின்னால் செருகிவிட்டு மவுஸைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

கர்சர் நொண்டுவதற்கு மேஜையும் ஒரு காரணம் ஆகும். என் கவுன்ட்டர் மேல் கண்ணாடி. அதற்கடியில் மாதிரி விண்ணப்பங்கள், கட்டணப் பட்டியல். மவுஸின் அடியில் இருப்பது ஒரு சிறிய கேமரா. நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் படம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் எந்தப் பக்கம் நகர்ந்தோம் என்று அறிகிறது. ஒப்பிட ஏதாவது புள்ளி, கீறல், நார் வேண்டும். தெளிந்த கண்ணாடியில் அதற்குப் பிடிப்பே இல்லை. நான் வைத்திருப்பது தினசரிக் காலண்டரின் அட்டை. சாமி படம் இருக்கிற பக்கம் கீழே போகக் கூடாது என்று படத்தாளைப் பக்குவமாக உரித்துச் சுவரில் ஒட்டிவிடுவேன். மிஞ்சும் பழுப்பு அட்டையின் சொரசொரப்பில் மவுஸ் ஓடுவது போல விலை கொடுத்து வாங்கிய பேடில்கூட ஓடவில்லை. தை மாதம் ஒரு புது அட்டை.

சார்ஜ் ஏறாத கதை தனி. புது மவுஸில் டைப்-சி துளை. என் போன் சார்ஜரின் இரண்டு முனையும் டைப்-சியாக இருக்கும் ஒயரைச் செருகினேன். விளக்கே எரியவில்லை. மவுஸ் போச்சு என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். சர்வீஸ் கடைத் தம்பி, ஒரு முனை பழைய அகல யூஎஸ்பியாக இருக்கும் ஒயரை எடுத்து கம்ப்யூட்டரில் செருகினான். உடனே எரிந்தது. டைப்-சி சார்ஜர், எதிரே இருப்பது மின்சாரம் வாங்கும் கருவிதானா என்று கேட்டுப் பார்த்துத்தான் மின்சாரம் விடும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மவுஸின் துளையில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருக்க வேண்டும். விலை குறைந்த பொருள்களில் அந்தச் சின்ன ரெசிஸ்டரை விட்டுவிடுகிறார்கள். பழைய யூஎஸ்பி துளை எதையும் கேட்காமல் 5 வோல்ட் கொடுத்துவிடும். பெட்டியோடு வந்த ஒயரைத் தூக்கிப் போடாதீர்கள் என்று இப்போது யார் மவுஸ் வாங்கினாலும் சொல்கிறேன்.

எதை வாங்குவது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மவுஸைப் புரட்டி வயிற்றைப் பாருங்கள் என்பதுதான். ஆன், ஆஃப் ஸ்விட்ச் இருக்கிறதா, ரிசீவரை வைக்க ஒரு குழி இருக்கிறதா என்று பார்க்கட்டும். விலை குறைந்த மவுஸில் ரிசீவர் தொலைந்தால் மவுஸும் தொலைந்ததுதான். அதற்கு வேறொன்று பொருந்தாது. சார்ஜ் துளை மூக்கில் இருக்க வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2015இல் கொண்டுவந்த மேஜிக் மவுஸ் 2இல் துளை அடியில் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது மல்லாக்கப் போட வேண்டும். இரண்டு நிமிட சார்ஜில் ஒன்பது மணி நேரம் ஓடும் என்கிறார்கள். வீட்டுக்கு அது சரி. எதிரே ஒரு கைக்குழந்தைக்காரி நிற்கும்போது அந்த இரண்டு நிமிடம் என்னிடம் இல்லை. டிபிஐ என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்; எங்கள் வேலைக்கு 1000, 1200 தாராளம். கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது. பத்து மணி நேரம் பிடிக்கிற பொருளைச் செருப்பு போல அளவு பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு என் மனம் ஒட்டுவது, சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற செல்லில் ஓடும் மவுஸோடுதான். அதில் சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போட்டுக்கொள்கிறேன். 2005இல் சான்யோ நிறுவனம் எனலூப் செல்லைக் கொண்டுவந்ததிலிருந்து, சார்ஜ் ஏற்றி மாதக்கணக்கில் சும்மா வைத்தாலும் வடிந்துவிடாத வகை கிடைக்கிறது. சாதாரண செல் 1.5 வோல்ட், இது 1.2. அதனால் மவுஸ் கொஞ்சம் முன்னதாகவே பேட்டரி குறைகிறது என்று கூப்பிடும், ஓட்டத்தில் குறைவில்லை. இரண்டு செல் உள்ளே, இரண்டு செல் சார்ஜரில். ஓய்ந்தால் மூடியைத் திறந்து மாற்ற அரை நிமிடம். செல் செத்தால் செல்லோடு போகிறது, மவுஸ் நிற்கிறது. உள்ளே பேட்டரியை ஒட்டி மூடிவிட்ட மவுஸில், பேட்டரியின் ஆயுள்தான் மவுஸின் ஆயுள் என்று ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட ஒன்றையே வைத்திருப்பவர்கள் அதைக் காலியாக விட்டு அலமாரியில் பூட்டாமலாவது இருக்கட்டும். லித்தியம் பேட்டரி அடிமட்டம் வரை வடிந்தால் பிறகு சார்ஜ் ஏற்க மறுத்துவிடும். கோடை விடுமுறைக்குக் கம்ப்யூட்டர் அறையைப் பூட்டும் பள்ளிக்கூடங்களில், ஜூன் மாதம் திறக்கும்போது பாதி மவுஸ் எழுந்திருக்காததற்கு இதுதான் காரணம். பாதி சார்ஜில் வைத்து, ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டுப் போனால் போதும்.

ஸ்விட்ச் மாற்றிய மவுஸ் இன்னும் ஓடுகிறது. இடது பட்டனின் ஓசை முன்பைவிடக் கொஞ்சம் கனமாக இருக்கிறது. வலதுக்கும் இடதுக்கும் இப்போது இரண்டு குரல். காலையில் கடை திறந்ததும் அந்தத் தேதிக் காலண்டரை ஒருமுறை விரித்து, பன்னிரண்டு மாதத்தையும் ஒவ்வொரு தட்டாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் முதல் ஆளைக் கூப்பிடுகிறேன். பிறந்த தேதியை இப்போது அம்புக்குறியால் நகர்த்துவதில்லை, எண்ணாகவே அடிக்கிறேன். அடித்துவிட்டு, பிள்ளையோடு வந்திருக்கும் அம்மாவிடமோ ஆச்சியிடமோ கேட்கிறேன்: “பிள்ளை எந்த மாசம்மா, ஆடியா, ஆவணியா?”