பாண்டவர் வீட்டுக் கல்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

எங்கள் ஊர் பழனி மலையில், தாண்டிக்குடிக்குச் செல்லும் வழியில் உள்ள ஒரு சிற்றூர். காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் ஊர். ஊருக்கு மேலே அகன்ற பாறை ஒன்று உண்டு. அதன்மேல் கல்லாலான சிறு வீடுகள் சில நிற்கின்றன. மூன்று பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்திருக்கிறார்கள். நான்காவது பக்கம் திறந்திருக்கும். பெரியவர்கள் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது.

இவற்றை எங்கள் ஊரார் ‘பாண்டவர் வீடு’ என்பார்கள். வனவாசத்தின்போது பாண்டவர்கள் ஒரே இரவில் கட்டியவையாம். “அவ்வளவு பெரிய பீமன் இதற்குள் எப்படிப் படுத்தான்?” என்று சிறு வயதில் சித்தப்பாவைக் கேட்டேன். “முடங்கிப் படுத்திருப்பான்” என்றார். நானும் என் தோழியரும் அங்கேதான் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடுவோம்.

என் தாத்தா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய கல்லறையில் ஒரு மரச்சிலுவை மட்டுமே நட்டிருந்தோம். இவ்வாண்டு காலாண்டு விடுமுறைக்கு நான் வீட்டுக்குப் போனபோது, அச்சிலுவையைக் கரையான் அரித்திருந்தது. அதில் எழுதியிருந்த தாத்தாவின் பெயரையும் மழை அழித்துவிட்டது. அப்பத்தா அதைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். நவம்பர் 2-ம் நாள் கல்லறைத் திருநாளுக்குள் நல்ல கல் பதித்துவிட வேண்டும் என்று அப்பா சொன்னார். ஆனால் கீழே நகரத்திலிருந்து கல் வாங்கி மலைக்கு ஏற்றிவர ஆகும் செலவைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

அப்போது நான்தான் சொன்னேன்: “பாண்டவர் வீட்டு மேல்கல் இருக்கே அப்பா? நல்ல வழவழப்பா, பெரிசா இருக்கே!”

அப்பாவுக்கு மிகவும் மகிழ்ச்சி. “படிச்ச பிள்ளைன்னா இப்படித்தான் இருக்கணும்” என்று எல்லாரிடமும் சொன்னார். எனக்கும் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை அப்பாவும் சித்தப்பாவும் கொத்தனாரும் கடப்பாரையும் வடக்கயிறும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். நான் தூக்குவாளியில் காப்பி கொண்டுபோனேன். “நானும் வந்து பார்க்கிறேன்” என்று அப்பத்தாவும் மெல்ல மெல்ல ஏறி வந்தார்கள்.

கொத்தனார் மேல்கல்லின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். கல் அசையவில்லை. மூவரும் சேர்ந்து நெம்பியும் இம்மியளவும் அசையவில்லை. பக்கக் கல்லைச் சாய்த்துவிட்டால் மேல்கல் தானாகச் சரியும் என்று சொல்லி, அடியில் முட்டுக்கொடுத்திருந்த சிறு கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார்கள்.

நான் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று கற்கள், மேலே ஒரு கல். இதை நான் எங்கோ வரைந்திருக்கிறேனே என்று தோன்றியது. சட்டென்று நினைவு வந்தது. ஒன்பதாம் வகுப்புச் சரித்திரப் பரீட்சையில் நான் வரைந்த படம்! ‘கற்திட்டை: பெருங்கற்கால மக்கள் இறந்தோருக்காக அமைத்தது.’ அந்த விடைக்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆனால் நான் கூட்டாஞ்சோறு ஆக்கிய இடமும் அதுவும் ஒன்று என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

“அப்பா, வேண்டாம்ப்பா! இது வீடில்லே. இதுவும் கல்லறைதான்” என்று கத்திவிட்டேன்.

சித்தப்பா சிரித்தார். “யாரோட கல்லறை? பேரு ஏதாவது எழுதியிருக்கா?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்பத்தாதான் சொன்னார்கள்: “உங்க அப்பா சிலுவையிலேயும்தான் பேரை மழை அழிச்சிருச்சு. அதுக்காக அது கல்லறை இல்லேன்னு ஆயிருமா? அரிமத்தேயா ஊர் சூசை தனக்குன்னு வச்சிருந்த கல்லறையையே ஆண்டவருக்குக் கொடுத்தாரு. நாம அடுத்தவுக கல்லறையைப் பிரிச்சு உங்க அப்பாவுக்குக் கட்டுறதா? அதுக்குக் கீழே அவரு நிம்மதியாத் தூங்குவாரா?”

யாரும் பேசவில்லை. அப்பா கடப்பாரையை உருவிக் கீழே வைத்தார். பெயர்த்த சிறு கற்களைப் பழைய இடத்திலேயே ஒவ்வொன்றாகச் செருகினார். இறங்கி வரும்போது என்னிடம், “இதை நேத்தே சொல்லியிருக்கலாமில்லே பாப்பா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

பள்ளிக்குத் திரும்பியதும் சரித்திரம் கற்பிக்கும் சிஸ்டரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர்கள் சொன்ன செய்திகள் எனக்கு வியப்பாக இருந்தன. எங்கள் மலையிலுள்ள இந்தக் கற்திட்டைகளைத் தேடித் தேடி அளந்து எழுதியவர்கள் சேசு சபைக் குருக்களாம். ஆங்கிளேடு சுவாமியும் நியூட்டன் சுவாமியும் இவற்றைப் பற்றி எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-ம் ஆண்டில் வெளியிட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் தாண்டிக்குடியிலேயே அகழாய்வு செய்திருக்கிறார்கள்.

தரைக்கு மேலே தெரிவது கற்திட்டை. மண்ணுக்குள் புதைந்திருப்பது கற்பதுக்கை. கல் கிடைக்காத சமவெளிகளில் பெரிய மண் தாழிகளில் வைத்துப் புதைத்தார்கள். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1876-ல் யாகோர் என்ற ஜெர்மானியரும், பின்னர் அலெக்சாண்டர் ரீ என்பவரும் தோண்டியபோது இத்தகைய தாழிகள் ஏராளமாகக் கிடைத்தன. கடல் கடந்த கொரியா நாட்டிலும் கற்திட்டைகள் மிகுதி. அங்குள்ள சிலவற்றை 2000-ம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது.

எங்கள் ஊர்ப் பாறையில் நான் சிறுமியாக இருந்தபோது ஏழு வீடுகளை எண்ணியிருக்கிறேன். இப்போது முழுதாக நிற்பவை மூன்றே. மற்றவை எங்கே போயின என்று யோசித்தபோது துக்கமாக இருந்தது. வாய்க்காலைக் கடக்கப் போட்டிருக்கும் கல் ஒன்று. எங்கள் வீட்டில் அம்மா துணி துவைக்கும் கல் ஒன்று. அதன்மேல் உட்கார்ந்துதான் நான் பாடம் படிப்பேன்.

தாத்தாவின் கல்லறையைச் செங்கல்லாலும் சிமெண்டாலும் எளிமையாகக் கட்டினோம். சுண்ணாம்பு அடித்து, பெயரை நானே எழுதினேன். கட்டும்போது அப்பத்தா கொத்தனாரிடம், “கொஞ்சம் அகலமாக் கட்டுப்பா. எனக்கும் இடம் வேணும்” என்றார்களாம். அப்பா இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. பின்பு ஒருநாள் தமிழம்மா புறநானூற்றைப் பற்றிப் பேசும்போது, கணவனை இழந்த பெண்ணொருத்தி, தாழி செய்யும் குயவனிடம், தனக்கும் இடம் இருக்கும்படி அதை அகலமாகச் செய்யச் சொல்லும் பாட்டு ஒன்று அதில் உண்டு என்றார்கள். வகுப்பில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் அப்பத்தாவின் குரல் கேட்டது. எங்கள் அப்பத்தா புறநானூறு படித்தவர் அல்லர்.

கல்லறைத் திருநாளுக்கு விடுதியிலிருந்து அனுமதி பெற்று ஊருக்குப் போனேன். தாத்தாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிச் செபித்தோம். அப்பத்தா ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் முந்தானையில் மறைத்து எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்கள். “பாறைக்குப் போய் ஏத்திட்டு வா. நினைக்க ஆளில்லாத ஆத்துமாக்களுக்கும் ஒண்ணு இருக்கட்டும்” என்றார்கள். அப்பாவும் என்னுடன் வந்தார். காற்றுக்கு அணையாதபடி பாண்டவர் வீட்டுக்குள்ளே அதை வைத்தோம். நான் கூட்டாஞ்சோறு ஆக்கிய அதே இடத்தில்.

அன்புத் தோழியரே, உங்கள் ஊர்களிலும் பாண்டவர் குழி என்றோ, குள்ளர் வீடு என்றோ பெயருள்ள இடங்கள் இருக்கலாம். விடுமுறைக்குப் போகும்போது தேடிப் பாருங்கள். எத்தனை நிற்கின்றன என்று எண்ணுங்கள். அவை என்னவென்று உங்கள் பெற்றோருக்கும் சொல்லுங்கள். என்னைப் போல் ஒருநாள் தாமதமாகச் சொல்லாதீர்கள்.