சுப்பீரியர் ஏரிக் கற்களை மெருகேற்றுதல்

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் பசால்ட், ரயோலைட், கிரானைட், அகேட் எனப் பல வகைக் கூழாங்கற்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றுள் ஆசையோடு தேடப்படுவது அகேட். சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியில் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு பரவியது. குழம்பு இறுகியபோது அதில் அகப்பட்ட வாயுக் குமிழ்கள் குழிகளாக நின்றன. பின்னர் ஊறி வந்த நீரிலிருந்த சிலிக்கா அந்தக் குழிகளில் அடுக்கடுக்காகப் படிந்து அகேட் ஆனது. அதன் சிவப்பு, இரும்பு தந்த நிறம். மின்னசோட்டா 1969இல் இதைத் தன் மாநில ரத்தினமாக ஏற்றது.

கரையில் நனைந்து கிடக்கும்போது எல்லாக் கல்லும் அழகுதான். வீட்டுக்கு வந்து காய்ந்ததும் வெளிறிவிடும். கல்லின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய கீறல்கள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். நீர் அவற்றை நிரப்பித் தற்காலிகமாக மறைக்கிறது. மெருகேற்றுவது, அந்தக் கீறல்களை நிரந்தரமாக ஒழிப்பதற்குத்தான்.

வேலையில் முதலாவது, கல்லைத் தரம் பிரிப்பது. சந்தேகத்துக்குரிய கல்லை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். அகேட் என்றால் விளிம்பில் ஒளி ஊடுருவும். பசால்ட் இருண்டே இருக்கும். அடுத்து நகத்தால் மேற்பரப்பை வருட வேண்டும். நகம் தட்டுப்படும் வெடிப்புள்ள கல், மெருகேற்றும் சுழல் பொறியின் உருளைக்குள் உடைந்து, அதன் கூரிய சில்லுகள் மற்றக் கற்களையும் கீறும். கடினமும் ஒத்திருக்க வேண்டும். மோஸ் அளவில் அகேட் 6.5 முதல் 7 வரை. மிச்சிகனில் கிடைக்கும் பெட்டோஸ்கி கல் உண்மையில் சுண்ணாம்பாக மாறிய பவளப் புதைபடிவம். அதன் கடினம் 3 அளவே. கத்தி முனை அதைக் கீறும், அகேட்டைக் கீறாது. இரண்டையும் ஒரே உருளையில் போட்டால் பெட்டோஸ்கி கரைந்து சேறாகிவிடும். அதை உப்புத்தாளில் 220, 400, 600 என்று கையால் தேய்த்து, வெல்வெட் துணியில் மெருகுப் பொடி தொட்டு முடிப்பதே நல்லது. கிரானைட்டிலும் சிக்கல் உண்டு. அதிலுள்ள மைக்கா சீக்கிரம் தேய்வதால் மேற்பரப்பு குழிகுழியாகிவிடும்.

சுழல் பொறியின் ரப்பர் உருளையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், முக்கால் பங்குக்குள் நிரப்ப வேண்டும். குறைவாக இருந்தால் கற்கள் விழுந்து மோதிச் சிதையும். கூடினால் புரள இடமிருக்காது. பெரிதும் சிறிதுமாகக் கலந்து போட்டால் இடுக்குகளிலும் தேய்மானம் நடக்கும். கற்கள் போதாவிட்டால் பீங்கான் உருண்டைகளைச் சேர்த்து அளவைச் சரிக்கட்டலாம். மேல்வரிசைக் கற்களுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி தண்ணீர் விட்டால் போதும்.

தேய்ப்பது சிலிக்கான் கார்பைடு பொடி. முதலில் 60/90 என்ற கரட்டுப் பொடி, பிறகு 120/220, அதன்பின் 500, இறுதியில் அலுமினியம் ஆக்சைடு மெருகுப் பொடி. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். முதல் கட்டத்துக்கு மட்டும் கால வரம்பு கிடையாது. குழி, வெடிப்பு, கரடு எல்லாம் போகும்வரை பொடியை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். சில கற்களுக்கு மாதக் கணக்காகும். வாரக் கடைசியில் உருளையைத் திறந்தால் சேறு தோசை மாவுப் பதத்தில் சாம்பல் நிறமாக இருக்கும். இரு விரலிடையே தேய்த்துப் பார்த்தால் நறநறப்பு இராது; பொடி தன் வேலையை முடித்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மூடியைத் திறக்கும்போது உள்ளே சேர்ந்த வாயு சீறி வருவதும் உண்டு. இடையிடையே திறந்து வாயுவை வெளியேற்றுவது பாதுகாப்பு.

கட்டம் மாறும்போது கல், உருளை, மூடி மூன்றையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். முந்தைய பொடியில் ஒரு துகள் வெடிப்பில் தங்கினாலும் மெருகுக் கட்டத்தில் எல்லாக் கல்லிலும் கோடு விழும். இதற்காகவே பலர் மெருகுக்குத் தனி உருளை வைத்திருக்கிறார்கள். கழுவிய சேற்றைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றக் கூடாது. அது அடியில் படிந்து சிமெண்டாய் இறுகிக் குழாயை அடைத்துவிடும். வாளியில் தெளியவிட்டு, காய்ந்த கட்டியைக் குப்பையில் சேர்க்கலாம். காய்ந்த தூளில் சிலிக்கா இருப்பதால் அது பறந்து மூச்சில் போகாதபடி ஈரத்தோடு கையாள்வது நல்லது.

கல் சேகரிப்புக்குச் சட்டமும் உண்டு. மிச்சிகன் மாநில நிலங்களில் ஒருவர் ஆண்டுக்கு 25 பவுண்டு, அதாவது சுமார் 11 கிலோ வரையே எடுக்கலாம். அங்குள்ள பிக்சர்டு ராக்ஸ் தேசிய ஏரிக்கரையில் எடுக்கவே கூடாது.

மெருகு முடிந்ததும் சோப்புத் தூள் கரைத்த நீரில் சில மணி நேரம் ஓட்டினால் ஒட்டியிருக்கும் பொடி நீங்கும். பிறகு கல்லை நன்றாக உலர்த்திப் பார்க்க வேண்டும். காய்ந்தபோதும் நனைந்தபோதும் ஒரே பளபளப்பு இருந்தால் வேலை முடிந்தது. மங்கல் மட்டுமே இருந்தால் 500 பொடிக்குத் திரும்பலாம். குழியோ ஆழக் கீறலோ தெரிந்தால் முதல் கட்டத்துக்கே போக வேண்டும். கரட்டுப் பொடி விட்ட குறையை எந்த மெருகுப் பொடியும் தீர்க்காது.