புளிச்ச தண்ணி

எங்க அப்பாயி கூழ்ப்பானையை முழுசாகக் கழுவி நான் பார்த்ததில்லை. அடியில் ஒரு கை புளிச்ச தண்ணி எப்போதும் நிற்கும். அன்றன்றைக்குக் கரைக்கிற கேவுரு மாவை அதுதான் புளிக்க வைக்கும். கரும்பு வெட்டுக்கு வெளியூர் போனால் அந்தத் தண்ணியைப் பக்கத்துக் குடிசையில் கொடுத்துவிட்டுப் போவாள். "தெனம் ஒரு பிடி மாவு போடுடி, இல்லேன்னா செத்துரும்" என்பாள். திரும்பி வந்ததும் ஒரு செம்பு வாங்கிக்கொள்வாள். சேரிக்குள் இதற்கெல்லாம் கணக்கில்லை.

ஊர்த்தெருவில் கணக்கு உண்டு. ஆண்டை வீட்டுக் கொல்லையில் நின்றால் மோர் கிடைக்கும். முக்கால் பங்கு தண்ணீர்தான். எங்கள் சட்டி அவர்கள் செம்பில் படாதபடி உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். உறைக்கென்று கேட்டால் மட்டும் இல்லை என்பார்கள். அப்பாயி அந்தத் தண்ணி மோரில் ஒரு கரண்டி எடுத்து வைத்து ஆட்டுப்பாலில் ஊற்றுவாள். நெகுநெகுவென்றுதான் இருக்கும். ஆனாலும் உறைந்துவிடும்.

பால் புளிப்பது கண்ணுக்குத் தெரியாத உயிர்களால் என்று 1857இல் பாஸ்டர் சொன்னார். கூழும் அப்படித்தான். மாவுச் சர்க்கரையைத் தின்று அவை அமிலம் ஆக்குகின்றன. தீனி நின்றால் ஒடுங்கிப்போகும், பூஞ்சை ஏறும். அப்பாயிக்கு இது பாஸ்டர் சொல்லாமலே தெரியும்.

அவள் செத்தபிறகு அந்தத் தண்ணி என்னோடு ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டுக்கு வந்தது. போன மாதம் பன்னிரண்டு நாள் பச்சைமலைக்குப் போக வேண்டியிருந்தது. மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சாதிச்சான்று வாங்கக் கோட்டாட்சியருக்கு மனு எழுதும் வேலை. சட்டியைக் கொடுத்துவிட்டுப் போக ஆளில்லை. பக்கத்து வீட்டில் நல்ல மனுசர்கள்தான். ஆனால் நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் வீடு கிடைத்திருக்காது. கூழ்ச்சட்டியைக் கொண்டுபோய் நீட்டினால் கேள்வி வரும். பூட்டிவிட்டுப் போய்விட்டேன்.

மலையில் ஒரு கிழவி வீட்டில் புளிச்ச கூழ் வாசம் வந்தது. உறைக்குக் கொஞ்சம் கேட்டேன். "நீ என்ன ஆளுக கண்ணு?" என்றாள். அவள் பேரனுக்கு மனு எழுதிய பேனா என் பையில் இருந்தது. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் பாட்டிலைத் தரையில் வைக்கச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றினாள். பாட்டிலின் வாய் சிறியது, எட்டத்திலிருந்துதான் ஊற்ற முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றுவரை எது நிசம் என்று தெரியவில்லை.

துறையூர் வந்து பஸ் மாறி டோல்கேட் வரைக்கும் மூடியைத் திறந்து திறந்து காற்றை விட்டுக்கொண்டே வந்தேன். வீட்டில் அப்பாயியின் தண்ணி கறுத்துப் பூத்துக் கிடந்தது. வழித்துக் கொட்டினேன். மலைத் தண்ணியில் மாவு கரைத்தேன். மறுநாள் காலையில் நுரைத்திருந்தது.

அடுத்த மாதம் திரும்பவும் மலைக்குப் போக வேண்டும். இந்தத் தடவை சட்டியோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவேன். கேட்பார்கள். சொல்லத்தான் போகிறேன்.