ஒட்டப்பட்ட சீல்

தபால்தலைச் சங்கங்களில் சீல் சேகரிப்பவனுக்குக் கடைசி வரிசைதான். அதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. சீலை மட்டும் ஒட்டிப் பெட்டியில் போட்டால் கடிதம் போய்ச் சேராது. அரசாங்க முத்திரையோ தபால் கட்டண மதிப்போ அதற்கு இல்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் காசநோய் ஒழிப்புக்கு நன்கொடை கொடுத்ததன் அடையாளமாக, தபால்தலைக்குப் பக்கத்திலோ உறையின் பின்பக்கத்திலோ ஒட்டிக்கொள்ளும் துண்டுக் காகிதம், அவ்வளவுதான். பெரிய கேட்டலாக்குகள் பலவும் இதைக் கண்டுகொள்வதில்லை. அமெரிக்க ஸ்காட் கேட்டலாக்கின் சிறப்புப் பதிப்பு மட்டும் தன் நாட்டுச் சீல்களுக்கு 'டபிள்யூ எக்ஸ்' என்று தனி வரிசை எண் கொடுத்துப் பின்பக்கங்களில் இடம் ஒதுக்கியிருக்கிறது. உலகச் சீல்கள் என்றால் டிக் கிரீன் தொகுத்த கேட்டலாக்தான் எங்களுக்கு வேதம். 'கிரீன் நம்பர் என்ன?' என்று ஒருவர் கேட்டால், அவர் நம்ம ஆள் என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் காகிதத்தின் பிறப்பு டென்மார்க்கில். ஐனர் ஹோல்போல் என்கிற அஞ்சல் ஊழியர் 1903 கிறிஸ்துமஸ் நெரிசலில் மலைபோல் குவியும் வாழ்த்துகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு சின்னத் தொகை கூடுதலாக வந்தால் நோயுற்ற குழந்தைகளுக்கு ஒரு மருத்துவமனையே கட்டிவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. மேலதிகாரிகள் ஒப்பினார்கள், அரசரும் ஒப்பினார். 1904 டிசம்பரில், காலமாகிவிட்ட லூயீஸ் அரசியின் உருவத்தோடு முதல் சீல் வந்தது. விலை 2 ஓரே. அந்த ஒரு பருவத்தில் 40 லட்சத்துக்கு மேல் விற்றன. நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 25 லட்சம்தான். அந்தப் பணத்தில் கோல்டிங் நகரத்துக் கடலோரத்தில் எழுந்த சானடோரியக் கட்டடம் இன்று ஹோட்டலாக இருக்கிறது.

அமெரிக்கக் கதை இன்னும் பிரபலம் என்பதால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கிலிருந்து குடியேறிய பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ், காசநோய்க்கு ஆறு சகோதரர்களைப் பறிகொடுத்தவர். ஊரிலிருந்து வந்த கடிதத்தில் இந்தச் சீலைப் பார்த்துவிட்டு 1907-இல் 'அவுட்லுக்' பத்திரிகையில் எழுதினார். டெலவேர் மாநிலத்தில் மருத்துவர் ஜோசப் வேல்ஸ் நடத்திவந்த சிறு காசநோய்க் குடில் 300 டாலர் இல்லாமல் மூடும் நிலையில் இருந்தது. அவருடைய உறவினர் எமிலி பிஸல் அந்தக் கட்டுரையைப் படித்தார். 40 டாலர் கடன் வாங்கி 50,000 சீல் அச்சடித்து, டிசம்பர் 7 அன்று வில்மிங்டன் தபால் நிலையத்தில் மேஜை போட்டு, ஒரு சென்ட்டுக்கு ஒன்று என்று விற்கத் தொடங்கினார். முடிவில் தேறியது சுமார் 3,000 டாலர். இதே எமிலி பிஸல் பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்று மேடை மேடையாகப் பேசியவர் என்பதைச் சீல் புத்தகங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. நான் விடுவதில்லை. ஒருவரே இரண்டு வேலையையும் செய்யக்கூடியவர்தான்.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். தபால்தலை உலகத்தில் பசை கெடாத, கை படாத 'மின்ட்' தாளுக்குத்தான் மரியாதை. சீலுக்கு வருகிற புதியவர்களும் அதே பழக்கத்தில் முழுத்தாள்களைத் தேடுகிறார்கள். ஆனால் அந்த முழுத்தாள்கள் எப்படித் தப்பிப் பிழைத்தன என்று யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் தபால் நிலைய மேஜை விற்பனை நெடுநாள் நீடிக்கவில்லை. காசநோய்ச் சங்கங்கள் சீல் தாள்களை வீடு வீடாகத் தபாலிலேயே அனுப்பத் தொடங்கின. யாரும் கேட்டு வாங்குவதில்லை. தாளோடு ஒரு கடிதமும் பணம் அனுப்ப ஓர் உறையும் வரும். மனம் இருப்பவர் பணம் அனுப்புவார். மனம் இல்லாதவர் தாளை மேஜை இழுப்பறைக்குள் தள்ளிவிடுவார். நாற்பது ஐம்பது வருடம் கழித்து வீட்டைக் காலி செய்கிறபோது அந்தத் தாள் வெளியே வந்து, பளிச்சென்று, பசையோடு வியாபாரியிடம் போய்ச் சேருகிறது. நாம் ஆல்பத்தில் பெருமையாக வைத்திருக்கும் எத்தனையோ மின்ட் தாள்கள் காசு கொடுக்கப்படாத தாள்களாக இருக்கலாம். அதனால் எனக்கு ஒட்டப்பட்ட சீல்தான் வேண்டும். அதிலும் தபால் முத்திரையின் மை பாதி சீலிலும் பாதி உறையிலுமாக விழுந்திருந்தால் இன்னும் நல்லது. இதை நாங்கள் 'டைட்' என்போம்.

அப்படி ஒன்று என்னிடம் இருக்கிறது. சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் கிடைத்தது. வியாபாரி அவராகவே விலையைக் குறைத்தார். "சார், பின்னாடி கிழிஞ்சிருக்கு, பாதி விலைக்கு எடுத்துக்கங்க." 1937-ஆம் வருட அமெரிக்கச் சீல், மணியடித்து ஊருக்குச் சேதி சொல்பவர் படம். உறையின் மடிப்பு மூடும் இடத்தில் குறுக்காக ஒட்டியிருக்கிறார்கள். கோணல். நாக்கால் நனைத்தபோது ஈரம் அதிகமாகி, பசை சீலின் கீழ் ஓரத்தைத் தாண்டி வழிந்து பழுப்பேறிக் காய்ந்திருக்கிறது. அந்தப் பழுப்புக்குள் பெருவிரல் ரேகையின் நாலைந்து கோடுகள் லென்ஸ் இல்லாமலே தெரியும். உறையைத் திறந்தவர் அவசரக்காரர். மணியும் கையும் மடிப்போடு மேலே போய்விட, தொப்பி இல்லாத மனிதர் கீழே நிற்கிறார். முத்திரை வளையம் கிழிசலின் இரு பக்கமும் தொடர்கிறது. கேட்டலாக்குப்படி இது சேதமான பிரதி. என் கணக்கில் இதைவிட முழுமையான பிரதி கிடையாது: ஒருவர் ஒட்டினார், தபால்காரர் சுமந்தார், இன்னொருவர் திறந்தார்.

இப்படிப்பட்டவற்றுக்குக் கொஞ்சம் விலை ஏறியதும் பித்தலாட்டமும் வந்துவிட்டது. பழைய உறை ஒன்றை எடுத்து, மலிவான மின்ட் சீலை ஒட்டிவிட்டால் முடிந்தது. பிடிப்பது ரொம்பக் கஷ்டமில்லை. முதலில் தேதியைப் பார்ப்பேன். சீல்கள் ஆண்டோடு பிறப்பவை. 1932 சீல் 1928 கடிதத்தில் இருக்க வழியில்லை. ஏப்ரல் மாத முத்திரை என்றாலும் சந்தேகம்தான், ஆனால் மிச்சச் சீலைக் குழந்தைகள் வருடம் முழுக்க ஒட்டுவதுண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன். பிறகு முத்திரையின் கோடு. சீலின் ஓரத்தில் காகிதத்தின் தடிமன் அளவுக்கு மை ஒரு நொடிப்பு காட்ட வேண்டும். நூல் பிடித்தாற்போல் நேராகப் போனால் யாரோ பேனாவால் வரைந்திருக்கிறார்கள். கடைசியாகக் காகிதத்தின் நிறம். எண்பது வருடம் சீலுக்கு அடியில் கிடந்த காகிதம் சுற்றிலும் உள்ளதைவிட வெளுத்திருக்கும். சீலின் மூலை லேசாகத் தூக்கியிருந்தால் அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். தூக்கியிராத மூலையை நாமாகத் தூக்கிப் பார்ப்பது மகாபாவம்.

முழுத்தாள்களை அடியோடு ஒதுக்கிவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். தாளில் மட்டுமே கிடைக்கும் சுவைகள் உண்டு. அமெரிக்கக் காசநோய்ச் சங்கம் ஒரே வருடச் சீலைப் பல அச்சகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. யார் அச்சடித்தது என்பதற்கு நூறு சீல் உள்ள தாளில் ஏதோ ஒரு சீலில் மட்டும் கடுகளவு எழுத்து ஒளிந்திருக்கும்: ஈ என்றால் யுரேகா, எஸ் என்றால் ஸ்ட்ரோபிரிட்ஜ், எஃப் என்றால் ஃபிளெமிங்-பாட்டர். பத்து மடங்கு லென்ஸை வைத்துக்கொண்டு அதைத் தேடுகிற நேரத்தில் வீட்டில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. 1938 தாள் இன்னும் விசேஷம். தாயும் குழந்தைகளும் நிற்கும் படம் வரிசையாக ஓடும். நடுவே நான்கு சீல்களில் மட்டும் நான்கு முகங்கள்: ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லேனெக், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த கோக், அமெரிக்காவில் சானடோரிய சிகிச்சையைப் பரப்பிய ட்ரூடோ, நம் ஹோல்போல். லேனெக்கைக் காசநோயே கொண்டுபோயிற்று. ட்ரூடோ அந்த நோயோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர். மூன்று மருத்துவர்களுக்குச் சரிசமமாக ஒரு தபால் ஊழியரை உட்கார வைத்தவர்களை எனக்குப் பிடிக்கும். டேனியத் தாள்கள் வேறு ரகம். பிந்தைய காலத்தில் தாளின் 50 சீல்களும் சேர்ந்தால்தான் ஒரே படமாகும். தனிச் சீல் என்பது ஒரு பறவையின் வால் அல்லது கூரையின் விளிம்பு. 1970-ஆம் ஆண்டுச் சீலை வரைந்தவர் அப்போது இளவரசியாக இருந்த மார்கரெத்தே.

இத்தனை நாட்டுச் சீல்களைப் புரட்டினாலும் நோயாளியின் படம் அபூர்வம். மணி, மெழுகுவத்தி, பனிவண்டி, கன்னம் சிவந்த குழந்தை. நோயைச் சொல்வது மூலையிலுள்ள இரட்டைக் குறுக்குச் சிலுவை மட்டும்தான். பாரிஸைச் சேர்ந்த மருத்துவர் ஜில்பேர் செர்சிரோன் 1902-இல் பெர்லின் மாநாட்டில் காசநோய் எதிர்ப்புக்குச் சின்னமாக அதை முன்மொழிந்தார். இரும வைக்கும் படத்தை யார் கிறிஸ்துமஸ் வாழ்த்தில் ஒட்டுவார்கள்? அந்தக் கணக்குச் சரிதான். ஆனால் வெறும் அலங்காரம் என்று நினைத்த படம் ஓர் அரசாங்கத்தை உறுத்தியதும் உண்டு. அதற்காகத்தான் கொரியச் சீல்களுக்கு என் ஆல்பத்தில் தனிப் பகுதி.

ஷெர்வுட் ஹால், சியோலில் பிறந்த கனடிய மருத்துவர். பெற்றோரும் மருத்துவ மிஷனரிகள். அவருடைய தாயிடம் உதவியாளராக இருந்து, அமெரிக்கா போய்ப் படித்து, மேலை மருத்துவத்தில் கொரியாவின் முதல் பெண் மருத்துவராகத் திரும்பியவர் எஸ்தர் பார்க். 1910-இல் காசநோய் அவரைக் கொன்றது. அந்தச் சாவுதான் ஹாலை இந்த நோயின் பக்கம் திருப்பியது. 1928-இல் ஹேஜுவில் சானடோரியம் தொடங்கினார். 1932-இல் கொரியாவின் முதல் கிறிஸ்துமஸ் சீலுக்கு அவர் முதலில் தேர்ந்தெடுத்த படம் ஆமைக்கப்பல். 1592-இல் படையெடுத்து வந்த ஜப்பானியக் கடற்படையைத் தளபதி யீ சுன்-சின் அடித்து விரட்டியது அந்தக் கப்பல்களின் துணையோடுதான். கொரியாவை அப்போது ஆண்டுகொண்டிருந்ததோ ஜப்பான். அதிகாரிகள் விடுவார்களா? படம் நிராகரிக்கப்பட்டு, சியோலின் தெற்கு வாயில் அந்த இடத்துக்கு வந்தது. டிசம்பர் 3 அன்று விற்பனைக்கு வந்த அந்தச் சீலைக் கையில் எடுத்தால், சாந்தமான கோபுர வாயில்தான் தெரியும். விஷயம் தெரிந்தவனுக்கு அங்கே இல்லாத கப்பலும் தெரியும்.

1940 சீலில் நிலைமை இன்னும் முற்றிவிட்டது. கொரிய வாழ்க்கையைப் பல ஓவியங்களில் பதிவுசெய்த எலிசபெத் கீத் வரைந்த, பனியில் நிற்கும் இரண்டு குழந்தைகள். அச்சான தாள்களை அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று மேலை ஆண்டுக் கணக்கு. மாற்றி அச்சடித்ததில் ஆண்டு எண் போய், 'ஒன்பதாம் ஆண்டு' என்று இருக்கும். ஒன்பதாவது சீல் என்ற பொருளில், யாரும் ஆட்சேபிக்க முடியாத கணக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு சண்டையின் இரண்டு தரப்பும் கேட்கிறது. உளவாளி என்ற குற்றச்சாட்டோடு ஹால் தம்பதி கொரியாவை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஹால் அடுத்துப் போன இடம் நம் நாடு: ராஜஸ்தானில் அஜ்மீர் அருகே மதார் சானடோரியம். 1963 வரை அங்கே இருந்தார்.

சென்னையில் சீல் சேகரிப்பதென்றால் பாதி வேலை ஈரத்தோடுதான். பழைய பசை மழைக்காலத்தில் உயிர்பெற்று, எதிர்ப்பக்கத்தைக் கவ்விக்கொள்ளும். டால்கம் பவுடர் தூவும் நண்பர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை, பவுடர் நிறத்தைத் தின்றுவிடுகிறது. தாளுக்குத் தாள் கிளாசைன் காகிதம், ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் புத்தகம்போல் நிறுத்துவது, பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலம், இவை போதும். உறையிலிருந்து சீலை நனைத்துப் பிரிக்கும் வழக்கம் என்னிடம் இல்லை. சீல்கள் மலிவு அச்சு. சில சிவப்புகள் தண்ணீரைக் கண்டதும் கரைந்து ஓடும். மேலும் உறையைவிட்டுப் பிரித்த பிறகு அதில் என்ன மிச்சம்?

இந்தியச் சீல்கள் என் வாதத்தைக் கொஞ்சம் ஆட்டிவைக்கின்றன. 1939-இல் தோன்றிய இந்தியக் காசநோய்ச் சங்கம் 1950 முதல் டி.பி. சீல் வெளியிடுகிறது. விற்பனை தொடங்குவது கிறிஸ்துமஸுக்கு அல்ல, காந்தி ஜயந்திக்கு. வாங்கியவர்களில் பெரும்பகுதி பள்ளிக்கூடப் பிள்ளைகள். வகுப்பாசிரியர் தாளைக் கிழித்து ஆளுக்கொன்று கொடுப்பார், மறுநாள் காசு கொண்டுவர வேண்டும். பத்து வயதுப் பிள்ளை யாருக்குக் கடிதம் எழுதப்போகிறது? சீல் போய் உட்கார்ந்த இடம் நோட்டு அட்டை, ஜாமெட்ரி பாக்ஸ் மூடி, மரப் பெஞ்சின் அடி. தபால் முத்திரை விழுந்த இந்திய டி.பி. சீல் என் கைக்கு வருவதே அரிது. பாதி சீலில் பாதி உறையில் மை வேண்டும் என்று நான் அடம்பிடித்தால், இந்தியப் பக்கங்கள் காலியாகவே கிடக்கும்.

எனவே பழைய பேப்பர் கடைகளில் உறைகளோடு நோட்டுகளையும் கேட்கிறேன். பழுப்பு அட்டை போட்டு, பெயர், வகுப்பு, பிரிவு எழுதிய லேபிளுக்குப் பக்கத்தில் சிவப்புச் சிலுவையோடு ஒரு சீல் இருந்தால் அட்டையை அப்படியே வாங்கிக்கொள்வேன். கணக்கு நோட்டு என்றால் உள்ளே ஆசிரியர் தேதி போட்டுத் திருத்தியிருப்பார். எந்த வருடச் சீல் என்று தீர்மானிக்க அது முத்திரைக்குச் சமமான சாட்சி. உலகத்துக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இன்றும் இந்தியர். சீலும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த வருடத்துத் தாள் கிடைத்தால் இரண்டாக வாங்குவேன், ஒன்று ஆல்பத்துக்கு, ஒன்று கடிதங்களில் ஒட்ட.