வழியோரத்தில் ஒரு பந்தி



பிழைப்பை நாடி வந்து அத்திபெலே, சந்தாபுரா, பொம்மசந்திரா பகுதிகளில் குடியிருக்கும் நம்மில் அநேகர், பள்ளி விடுமுறையிலும் கிறிஸ்துமஸ் நாட்களிலும் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கமாகக் குடும்பத்துடன் பயணப்படுகிறோம். அத்திபெலேயைத் தாண்டினால் தமிழ்நாட்டு எல்லை. அங்கிருந்து 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கன்னியாகுமரி வரைக்கும் நம்மைக் கொண்டுசெல்கிறது.

இப்பயணத்தில் எங்கே சாப்பிடுவது என்பது எங்களுக்குச் சிறிய காரியமல்ல. என் தாயார் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள். ஊசி போட்டபின் ஆகாரம் தாமதித்தால் உடல் வியர்த்துக் கைகள் நடுங்கும். ஆகவே மருத்துவரிடம் கேட்டு நேரத்தை வகுத்துக்கொண்டோம். குளுக்கோஸும் பிஸ்கட்டும் எப்போதும் கைப்பையில் இருக்கும். அதிகாலை 5 மணிக்குப் புறப்பட்டு, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிருஷ்ணகிரியிலோ, அதற்கடுத்த தருமபுரியிலோ காலை உணவை முடித்துவிடுவோம். தொப்பூர் கணவாயில் இறங்குமுன் வண்டி ஓட்டுகிறவருக்கும் அந்த இளைப்பாறுதல் அவசியம்.

நல்ல கடையை எப்படி அறிவது? பேருந்துகளை நிறுத்தும் நெடுஞ்சாலை உணவகத்துக்கு நாளைக்கு வேறு பயணிகள் வருவார்கள். ஊருக்குள் இருக்கும் கடையோ, இன்று சாப்பிட்டவரின் முகத்தையே நாளைக்கும் பார்க்கவேண்டும். அந்தப் பயம் சமையலில் தெரியும். எனவே புறவழிச்சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே செல்லத் தயங்காதிருங்கள். பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறவர்களிடம், "நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வைக்கப்பட்ட உணவில் கிருமிகள் பெருகுவதில்லை. ஆகையால் ஆவி பறக்கும் இட்லியும், கண்முன் கல்லில் வேகும் தோசையும் பிள்ளைகளுக்கு நல்லவை. வெகுநேரம் ஆறிக்கிடக்கும் குருமாவையும் முன்னமே வெட்டிவைத்த பழங்களையும் தவிர்த்துவிடுங்கள். குடிநீர் வீட்டிலிருந்தே வரட்டும்.

தெற்கே செல்லச்செல்ல ஊருக்கு ஒரு ருசி உண்டு. விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா. கோவில்பட்டியில் 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாய். அதைப் பேரப்பிள்ளைகள் தின்ன, என் தாயார் பார்த்து மகிழ்வார்கள்.

எலியா சோர்ந்து சூரைச்செடியின் கீழ்ப் படுத்திருந்தபோது, தேவன் முதலாவது அவனைக் கேள்வி கேட்கவில்லை. தூதனை அனுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் இருமுறை கொடுத்தார் (1 இராஜாக்கள் 19). அவன் நடக்கவேண்டிய தூரத்தை அவர் அறிந்திருந்தார். நம் வீட்டு முதியோரின் பசியை நேரத்தோடு அறிவதும் அப்படிப்பட்ட ஊழியமே.

இலை போடப்பட்டதும் தலைகுனிந்து ஸ்தோத்திரம் செலுத்துங்கள். பரிமாறும் தம்பியிடமும் அன்பாய் ஒரு வார்த்தை பேசுங்கள். அவனும் பெரும்பாலும் நம்மைப்போல் வீட்டைவிட்டுப் பிழைக்க வந்தவனே.